அரண்மனையும் பூங்காவும் ஒரே நாளில்: எதை முதலில் பார்ப்பது?

தூரநடை · சனி, இரவு 9:12

வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, இன்றுதான் முதல்முறையாக ஓர் இழை தொடங்குகிறேன். ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது.

போன வாரம் அம்மா, எட்டு வயதுப் பையன், நான் மூவரும் ஒரு பழைய அரண்மனைக்குப் போனோம். சுற்றிலும் பெரிய பூங்கா, நடுவே ஏரி, ஏரிக்கு அக்கரையில் சின்னதாக ஒரு மண்டபம். காலை பத்தரைக்கு உள்ளே நுழைந்து அறை அறையாகப் பார்த்தோம். ஆடியோ கைடில் ஒரு எண்ணைக்கூட விடவில்லை. பன்னிரண்டாவது அறையில் பையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்கு முழங்கால் வலி. உட்கார நாற்காலி இருக்கிற அறையாகத் தேடித் தேடிப் போனோம். வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். ஐந்துக்குப் பூங்காவை மூடுகிறார்கள். படிக்கட்டின் உச்சியில் நின்று ஏரியைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "அந்த மண்டபத்துல உக்காந்து பார்த்தா இந்த வீடு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை.

ஆறு மணி நேரம் உள்ளே சுற்றியதில் என்ன நினைவிருக்கிறது என்று யோசித்தேன். ஒரு நீலச் சுவர், திரை போட்ட ஒரு கட்டில், யார் யாரென்று தெரியாத நிறைய முகங்கள். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். கட்டடம் முதலிலா, பூங்கா முதலிலா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கற்றூண் · சனி, இரவு 10:05

உங்கள் அம்மாவின் கேள்வியில்தான் விடையும் இருக்கிறது. அந்த மண்டபத்துக்கே முதலில் போங்கள்.

நான் வழிகாட்டியாகப் பல வருடம் வேலை பார்த்தவன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கட்டடத்தைச் "சரக்கு" என்றும் பூங்காவை "மிச்சம்" என்றும் நினைத்துத்தான் வருவார்கள். கட்டினவர்கள் அப்படி நினைக்கவில்லை. பிரான்சில் வெர்சாய் அரண்மனையைப் பெரிதாக்கிய மன்னர் 14ஆம் லூயி, தோட்டத்தை எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்று தானே குறிப்பு எழுதி வைத்தார். 1689இல் தொடங்கி 1705 வரை அதைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் படிகளின் உச்சியில் நின்று நீர்த்தடாகங்களைக் கவனிக்க வேண்டும். பிறகு நேரே நடந்து லத்தோனா ஊற்றுக்கு மேலே நிற்க வேண்டும். அங்கிருந்து கீழே கால்வாய்வரை பார்த்தபின், *திரும்பி* அரண்மனையைப் பார்க்க வேண்டும். "இங்கே நில், இங்கே திரும்பு" என்று ஒரு ராஜா உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தன் வீட்டை வெளியிலிருந்து பார்க்காதவன் பார்த்தவனே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. அங்கே உள்ள கண்ணாடி மண்டபத்தில் 17 பெரிய சன்னல்கள், எதிரே 17 கண்ணாடி வளைவுகள். மொத்தம் 357 கண்ணாடித் துண்டுகள். சன்னல்கள் மேற்கே தோட்டத்தைப் பார்த்து இருக்கின்றன. அதனால் மதியத்துக்கு மேல் வெயில் உள்ளே வரும்போது தோட்டமே எதிர்ச்சுவருக்கு வந்துவிடும். காலையில் போனவர்கள் "வெறும் கண்ணாடிதானே" என்று சொல்லிவிட்டு வருவார்கள். எந்த இடமானாலும் முக்கியமான அறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மேப்பில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எப்போது போவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

உள்ளறை · சனி, இரவு 10:48

கற்றூண் ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். பழந்துணி பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் உள்ளறைகளுக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும்.

தூரநடை, உங்களுக்கு அறைகள் நினைவில் நிற்காததற்கு இருட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். பட்டுத்திரை, தரைவிரிப்பு, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் அளவுக்குள்தான் வெளிச்சம் வைப்போம். துணியில் படுகிற ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போகும்; ராத்திரி ஓய்வு கொடுத்தாலும் போன நிறம் திரும்பி வராது. திரைச்சீலை இழுத்து மூடியிருக்கிறதே என்று கோபப்படாதீர்கள். அந்த நீலச் சுவர் இன்னும் நீலமாக இருப்பது அதனால்தான்.

ஆனால் வெயிலில் பூங்காவைச் சுற்றிவிட்டு நேரே உள்ளே வருகிறவர்களின் கண்ணுக்கு அந்த அறை வெறும் கருப்பு. கண் பழக நிமிடங்கள் ஆகும். அதற்குள் அவர்கள் மூன்றாவது அறைக்குப் போயிருப்பார்கள். பூங்கா முதலில் என்றால் சரி, ஆனால் உள்ளே நுழைந்ததும் முதல் அறையிலேயே ஓர் ஓரமாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். எதையும் படிக்க வேண்டாம், போட்டோ வேண்டாம். இருட்டுக்குள்ளிருந்து பூவேலை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம் என்று வாசலில் சொன்னாலும் வருத்தப்படாதீர்கள். உடம்பின் எடை முழுவதும் விரல்நுனி அளவு இடத்தில் இறங்குவதால் மரத்தரையில் குழி விழுகிறது. முதுகுப்பையை முன்னால் மாட்டச் சொல்வதும் அப்படித்தான். திரும்பும்போது நமக்குத் தெரியாமலே அது எதையாவது இடித்துவிடும்.

மரநிழல் · ஞாயிறு, காலை 6:30

பூங்கா, பூங்கா, பூங்கா. மூன்று முறை சொல்லிவிட்டேன்.

உள்ளே இருப்பவை செத்த பொருள்கள் என்று சொல்ல மாட்டேன், உள்ளறை அக்கா அடிக்க வருவார்கள். ஆனால் மரம் நட்டவன் தான் பார்க்கப் போகாத ஒன்றை நட்டான், அது இன்று நம் கண்முன் நிற்கிறது. இங்கிலாந்தில் லான்சலாட் பிரவுன் என்பவர் (1716–1783) ஒரு நிலத்தைப் பார்த்ததும் "இதற்கு நல்ல கேப்பபிலிட்டி, அதாவது வாய்ப்பு, இருக்கிறது" என்பாராம். அதனாலேயே "கேப்பபிலிட்டி" பிரவுன் என்று பெயர் வந்தது. பிளெனிம் அரண்மனையில் 1760களில் அவர் கிளைம் என்ற சின்ன ஆற்றை அணை போட்டு ஏரியாக்கினார். அங்கே ஏற்கெனவே பிரம்மாண்டமாக ஒரு பாலம் இருந்தது. பாலத்துக்குள்ளேயே அறைகள் உண்டு. கீழே ஓடியதோ வாய்க்கால் அளவு தண்ணீர். ஏரி நிறைந்ததும் கீழ் அறைகள் மூழ்கின, பாலம் முதல்முறையாகத் தன் அளவுக்கேற்ற தண்ணீரின் மேல் நின்றது. கட்டடத்தைத் தொடாமலே கட்டடத்தை மாற்றிவிட்டார்.

அங்கே போகிறவர்கள் புல்வெளியின் ஓரத்தில் "ஹா-ஹா"வைத் தேடிப் பாருங்கள். பள்ளம் தோண்டி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் சுவர் எழுப்பியிருப்பார்கள். சுவரின் தலை தரைமட்டத்தோடு நின்றுவிடும். வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே தெரியாது, மேய்கிற மாடு வாசல்வரை வந்துவிடும்போல இருக்கும். கிட்டே போனால்தான் பள்ளம் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம், நிஜமாகவே விழுந்துவிடலாம்.

நாலுசக்கரம் · ஞாயிறு, காலை 9:17

தூரநடை, அம்மாவின் முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் வீல்சேரில் இருப்பவன். எனக்கு "எதை முதலில்" என்பதைவிட "எதன்மேல்" என்பதுதான் கேள்வி.

போன வருடம் ஓரிடத்தில் "சக்கர நாற்காலிக்கு ஏற்றது" என்று எழுதியிருந்ததை நம்பிப் போனேன். சாய்தளம் இருந்தது, லிஃப்ட் இருந்தது. பூங்காப் பாதை முழுக்கப் பொடிக்கல். முன்சக்கரம் கல்லில் புதைந்தால் பின்னால் தள்ளுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் பயனில்லை. நாற்பதடி போய்த் திரும்பினேன்.

அதிலிருந்து போவதற்கு முன் போன் போட்டு நான்கு கேள்வி கேட்டுவிடுவேன். பாதை கல்லா, மண்ணா, தாரா? எங்கே சரிவு அதிகம்? ஒரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் எவ்வளவு தூரம்? பேட்டரி வண்டி உண்டா, உண்டென்றால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டால் நல்ல இடம் என்று புரிந்துகொள்வேன். அங்கே யாரோ ஒருவர் வயதானவர்களோடு நடந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அம்மா நடப்பவர்தான் என்றாலும் அன்றைக்கு ஒரு வீல்சேர் கேட்டு வாங்குங்கள். நிறைய இடங்களில் இரவலாகத் தருவார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. சங்கடப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கால்வலியை மறந்தால்தான் கண் வேலை செய்யும்.

தூரநடை · ஞாயிறு, காலை 9:40

நாலுசக்கரம் அண்ணா, கடைசி வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாரு இந்தப் பிள்ளை" என்று கேட்டார்கள். நன்றி அண்ணா.

செம்மண் · ஞாயிறு, காலை 11:20

ஏரியின் அக்கரைக்குப் போய் வீட்டைப் பார் என்கிற யோசனை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தில்லியில் ஹுமாயூன் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1570களின் தொடக்கத்தில் முடிந்தது. கட்டடம் தோட்டத்தின் நட்டநடுவில் நிற்கிறது, நான்கு பக்கமும் நீர்க்கால்வாய். அதற்கு அக்கரை என்று ஒன்று கிடையாது. சுற்றி வர வேண்டும். தாஜ்மகாலோ தோட்டத்தின் கோடியில், யமுனைக் கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி மெஹ்தாப் பாக் தோட்டத்தில் நின்றால்தான் அதன் பின்பக்கம் தெரியும். ஆக, கட்டடம் தோட்டத்தில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நடக்கும் வழி அதிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பார்க்கிற தோட்டம் கட்டினவர் பார்த்த தோட்டமாகப் பல நேரம் இருக்காது. ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலேயர் காலத்தில் வட்ட வட்டமாகப் பாத்தி போட்டார்கள். கால்வாய்களில் மறுபடி தண்ணீர் ஓடியது இந்த நூற்றாண்டில் நடந்த சீரமைப்புக்குப் பிறகுதான். தாஜ்மகால் முன்னால் இருக்கும் விரிந்த புல்வெளி ஆங்கிலேய வைஸ்ராய் கர்சன் காலத்து ரசனை. ஷாஜகான் அதைப் பார்த்ததில்லை.

பழைய_சாவி · ஞாயிறு, மதியம் 1:02

செம்மண் தொட்டதை இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். எனக்கு இது முக்கியம்.

தில்லி லோதி தோட்டத்தில் இன்று காலைநடை போகிறோம். 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், சுற்றிலும் மரம், புல். அந்தக் கல்லறைகளைச் சுற்றி ஊர் இருந்தது. 1936இல் பூங்கா திறப்பதற்காக அந்த மக்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். மரநிழல் சொன்ன பிரவுன் காலத்து இங்கிலாந்திலும் இதே கதைதான். டார்செட்டில் மில்டன் பிரபு தன் வீட்டிலிருந்து பார்க்கும்போது மிடில்டன் என்ற ஊர் கண்ணை உறுத்துகிறது என்று ஊரையே இடித்தார். 1780 வாக்கில் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில் மில்டன் அப்பாஸ் என்று புதிய ஊர் கட்டி மக்களைக் குடியமர்த்தினார். வெள்ளையடித்த, கூரை வேய்ந்த அந்த வீடுகள் வரிசையாக இன்றும் அழகாக நிற்கின்றன. அவற்றையும் சுற்றுலாவாகப் போய்ப் பார்க்கிறோம். அந்தப் பூங்காவுக்கு வேலை செய்தவர்களில் பிரவுனும் உண்டு.

பூங்காவை ரசிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் அங்கே நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லாத புல்வெளியைப் பார்த்தால் அது காலி நிலமாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். தனியாக நிற்கிற கோயில், எங்கேயும் போகாத பள்ளமான பாதை, புல்லுக்கடியில் மேடு மேடாகத் தெரியும் கோடு, இவற்றைத் தேடுங்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த மேடுகளுக்கு நிழல் விழும். வீட்டுச் சுவர் இருந்த இடம், தெரு இருந்த இடம் எல்லாம் அப்போது புரியும்.

மரநிழல் · ஞாயிறு, மதியம் 1:30

பழைய_சாவி, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

குட்டிமா_அம்மா · ஞாயிறு, மாலை 5:45

எட்டு வயதுப் பையனுக்கு ஆடியோ கைடு கொடுத்தால் தரையில் உட்காரத்தான் செய்வான்! கண்டுபிடிக்க ஏதாவது வேலை கொடுங்கள்.

எங்கள் வீட்டில் கல்தச்சர் அடையாளம் தேடுவோம். பழைய கல்கட்டடங்களில், கையெட்டும் உயரத்தில், அம்பு மாதிரியோ முக்கோணம் மாதிரியோ சின்னதாகச் செதுக்கியிருக்கும். எந்தக் கல்லை யார் செதுக்கினார் என்று கணக்குக்காகப் போட்டது. டார்ச்சைச் சுவரில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும் (அலங்கரித்த அறைகளில் டார்ச் வேண்டாம், வெளிச்சுவரில் மட்டும்). என் மகள் ஒரே அடையாளத்தை மூன்று இடத்தில் பார்த்துவிட்டு "அம்மா, இவர் இங்கயும் வந்திருக்கார்" என்றாள்.

செடிப்புதிர் வழி இருந்தால் விடாதீர்கள். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஒன்று இருக்கிறது, முந்நூறு வருடத்துக்கும் மேல் பழசு. நுழையும்போதே ஒரு பக்கத்துச் செடிச்சுவரில் கை வைத்து, எடுக்காமல் நடந்தால் கட்டாயம் வெளியே வந்துவிடலாம். இதைப் பையனிடம் முதலிலேயே சொல்லாதீர்கள்.

அறைகளில் சன்னல் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கண்ணாடியில் வெளியே இருக்கும் மரம் நெளிந்து தெரியும். கண்ணாடி மெதுவாகக் கீழ்நோக்கி வழிவதால் அப்படி ஆகிறது என்பார்கள்.

உள்ளறை · ஞாயிறு, மாலை 6:20

கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன் தோழி. கண்ணாடி வழிவதில்லை. அந்தக் காலத்தில் வாயால் ஊதி உருளையாகவோ வட்டத்தட்டாகவோ செய்து, பிறகு துண்டுபோட்டார்கள். அதனால் தடிமன் சீராக இருக்காது. நெளிவு செய்தபோதே வந்தது. பையனை மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள். வெளியே மரம் தண்ணீருக்குள் நிற்பது மாதிரி அசையும். பக்கத்துச் சட்டத்தில் அசையாமல் நின்றால் அந்த ஒரு கண்ணாடி பிற்காலத்தில் மாற்றியது. ஒரே சன்னலில் எது பழசு, எது புதுசு என்று எண்ணிவிடலாம். நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு சன்னலால்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

கற்றூண் · ஞாயிறு, இரவு 8:15

நேரம் குறித்து டிக்கெட் கொடுக்கும் இடங்களில் மேலே சொன்ன வரிசை எதுவும் உங்கள் கையில் இல்லை. ஸ்பெயினில், கிரனடாவின் அல்ஹம்ரா கோட்டையில் உள்ள நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்தில் போக வேண்டும், தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அங்கே அந்த நேரத்தைச் சுற்றித்தான் தோட்டங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பார்வைக்கோடு என்று ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் கிங் ஹென்றி மேடு என்று ஓர் இடம். அங்கே வேலிச்செடியில் ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். அதன் வழியே சுமார் 16 கிலோமீட்டருக்கு அப்பால் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். அந்தப் பார்வை மறைந்துவிடக் கூடாது என்று நகரத்தில் கட்டட உயரத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. சீனாவில் சுஜோவின் சுவோஜெங் தோட்டத்தில் குளக்கரையில் நின்றால் மதிலுக்கு வெளியே தொலைவில் இருக்கும் கோபுரம் தோட்டத்துக்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். இரவல் காட்சி என்பார்கள். இங்கிலாந்தின் ஸ்டவர்ஹெட் தோட்டத்தில் ஏரியை இடம்சுற்றாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எதிர்க்கரையில் ஒரு கோயில் தெரியும், நடந்து போனதும் மறையும். மாற்றிச் சுற்றினால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது மாதிரி.

பெஞ்சு எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள், தூரநடை. பழைய பூங்காவில் பல இடங்களில் பெஞ்சு காலுக்காகப் போட்டதல்ல, கண்ணுக்காகப் போட்டது.

இளமரக்கா · திங்கள், காலை 7:10

சின்னதாக ஒன்று. தமிழில் "கா" என்றால் சோலை. "கா" என்றால் காப்பாற்று. பழைய பூங்காவில் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தால் தாண்டாதீர்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. ஆள் நடக்க நடக்க மண் இறுகி, காற்றும் நீரும் இறங்காமல் மரம் மெல்லச் சாகும். 1999 டிசம்பர் புயலில் வெர்சாயில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அதை எல்லோரும் படம் பிடித்தார்கள். மிதிபட்டுச் சாகிற மரத்தை யாரும் படம் பிடிப்பதில்லை.

தூரநடை · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:50

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று பையன் தூங்கும்வரை காத்திருந்தேன்.

போன் போட்டு நான்கு கேள்வியும் கேட்டேன். பெஞ்சுக் கேள்விக்கு அந்தப் பெண் "ஒரு நிமிடம் இருங்க, தோட்டக்காரரையே கேட்டுச் சொல்றேன்" என்றார். பேட்டரி வண்டியில் காலை பத்துக்கெல்லாம் அக்கரை மண்டபம். அம்மாவை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாரு, வாசல் நிலைக்குள்ள வீடு சரியா உக்காந்திருக்கு" என்றார்கள். நானும் குனிந்து அவர்கள் உயரத்துக்கு வந்து பார்த்தேன். நின்றால் தூண் மறைக்கிறது. உட்கார்ந்தால் மட்டும் இரண்டு தூணுக்கு நடுவே முழு வீடும், தண்ணீரில் அதன் தலைகீழ் நிழலும், ஓரம் வெட்டாமல் பொருந்துகிறது. அந்த பெஞ்சைப் போட்டவர் உட்கார்ந்து பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

மதியம் உள்ளே போனோம். மூன்றே அறை. முதல் அறையில் உள்ளறை அக்கா சொன்னபடி ஐந்து நிமிடம் நின்றோம். நீலம் என்று நான் நினைத்திருந்த சுவரில் கொடியும் பறவையும் இருந்தது, போன முறை எனக்குத் தெரியவே இல்லை. சன்னலில் பையன் தலையை ஆட்டி ஆட்டி ஆறு கண்ணாடி பழசு, இரண்டு புதுசு என்று கணக்குச் சொன்னான். அந்தச் சன்னலிலிருந்தே அக்கரை மண்டபம் தெரிந்தது. யாரோ இருவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய_சாவி சொன்ன மேடுகளையும் சாயங்காலம் தேடினோம். இரண்டு நீளக் கோடுகள் தெரிந்தன. வீடா, வாய்க்காலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பையன் தெரு என்று முடிவு செய்துவிட்டான்.

மரநிழலுக்கு ஒரு கேள்வி. ஏரிக்கரைக்கு மேலே புல்வெளியில் நிற்கிற மரங்களின் அடிப்பக்கம் எல்லாம் கத்தரித்த மாதிரி ஒரே மட்டத்தில் இருக்கிறது. மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும் தரையிலிருந்து அதே உயரம். யார் வெட்டுகிறார்கள்?

மரநிழல் · ஞாயிறு, இரவு 9:20

யாரும் வெட்டவில்லை. மான்! கழுத்தை நீட்டி எட்டுகிற உயரம்வரை இலையை மேய்ந்துவிடும், அதற்கு மேல் விட்டுவிடும். தரை ஏறி இறங்கினாலும் அதற்கு எட்டுகிற உயரம் மாறாதல்லவா, அதனால்தான் கோடும் தரையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. மாடு மேய்ந்தால் இன்னும் மேலே இருக்கும், செம்மறியாடு மட்டும் என்றால் கீழே. கோடு மங்கி, புதுக்கிளை கீழே தொங்க ஆரம்பித்திருந்தால் அங்கே மேய்ச்சலை நிறுத்திச் சில வருடம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த முறை பையனை மரத்தடியில் நிறுத்திக் கோடு அவன் தலைக்கு எவ்வளவு மேலே என்று பாருங்கள். மான்கள் பக்கத்தில் இல்லாதபோது மட்டும். ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கமே நில்லுங்கள், குட்டி போடும் காலத்தில் இன்னும் தள்ளி.